காகிதம் ஒட்டாத நாள்

எட்டாம் வகுப்பில் 'விசையும் அழுத்தமும்' பாடம் எடுக்கும்போது உராய்வுக்கு எடுத்துக்காட்டுக் கேட்பது என் வழக்கம். சைக்கிள் பிரேக், தேய்ந்துபோன செருப்பு, கயிறு அறுத்த கிணற்றுச் சுவர் என்று பதில் வரும். ஒரு வருடம் இரண்டாம் பெஞ்சில் இருந்த பிள்ளை எழுந்து, "கலவை ரூம், டீச்சர்" என்றாள்.

வகுப்பு அடங்கிப்போனது. அவளிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் 'உராய்வு' என்ற சொல் பாடப்புத்தகத்துக்கு முன்பே செய்தித்தாள் வழியாகப் பிள்ளைகளிடம் வந்துவிடுகிறது. 'மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு' என்று தொடங்கும் செய்தியை எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதிலேயே அவர்கள் படித்திருப்பார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் நாற்பது பேரளவில் இறந்தார்கள். உதவ ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் உண்டு. அன்று ஆசிரியர் தினம். பிள்ளைகள் கொடுத்த ரோஜாப்பூ மேசைமேல் வாடுவதற்குள் செய்தி வந்துவிட்டது.

சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் ஒரு கரிசல் ஊர். அங்கே ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. பட்டாசு ஆலை என்று வெளியூர்க்காரர்கள் சொல்வதை நாங்கள் 'பயர் ஆபீஸ்' என்போம். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் பயர் ஆபீசுக்குப் போகிறவர்கள். மீதிப் பேருக்குத் தீப்பெட்டி ஆபீஸ், இல்லாவிட்டால் அச்சகம். 'சிவகாசியில் அறிவியல் சோதனை' என்று சொன்னால் கேட்பவர்கள் உடனே புகையையும் கலர் தீயையும் நினைத்துக்கொள்கிறார்கள். மருந்தைத் தொடுகிற சோதனை எதுவும் என் வகுப்பில் கிடையாது. இங்கே நான் சொல்லப்போவது ஒரு சீப்பைப் பற்றி.

உராய்வினால் மின்னேற்றம் என்பது அதே எட்டாம் வகுப்பில் பின்னால் வரும் பாடம். தலைமுடியில் சீப்பைத் தேய்த்துக் காகிதத் துணுக்கின் அருகே கொண்டுபோனால் துணுக்கு தாவி ஒட்டும். எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்தப் பாடம் எங்கள் பள்ளியில் வந்து சேரும் காலம் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை. வருடத்தில் எங்கள் மண் நனைகிற காலமே அதுதான். போதாக்குறைக்கு, பிள்ளைகள் தலையில் அம்மாக்கள் நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ வழிய வழிய வைத்துச் சீவி அனுப்பியிருப்பார்கள். அந்த வருடமும் முப்பத்துச் சொச்சம் பேர் தேய்த்தார்கள். ஒரு துணுக்குகூட அசையவில்லை.

அதற்கு முன் பல வருடங்கள் இதே இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். "ஒட்டும். 'ஒட்டுகிறது' என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்பேன். பிள்ளைகளும் எழுதுவார்கள். சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று கட்டம் போட்ட நோட்டில், காணாததைக் 'காண்பன' என்ற கட்டத்துக்குள் எழுதவைத்த பாவம் எனக்கு உண்டு. பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் தொடர்ந்து மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாவட்டம் எங்களுடையது. அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு வேண்டும்தான். ஆனால் அக்காளின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்துத் தங்கை எழுத, அதைப் பார்த்து அடுத்த வீட்டுப் பிள்ளை எழுத, பரம்பரைச் சொத்துபோல விடை இறங்கிவருவதையும் நான்தான் திருத்திக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு, கலவை ரூம் என்று சொன்ன அந்தப் பிள்ளையின் முகம் எதிரே இருந்ததாலோ என்னவோ, கரும்பலகையில் 'ஒட்டவில்லை' என்று எழுதினேன். ஏன் என்று கேட்டேன்.

எண்ணெய்தான் காரணம் என்றார்கள் பெண்பிள்ளைகள். மழை என்றான் ஒருவன். காத்தாடி சுற்றுகிறது, காகிதம் மொத்தம், சீப்பு பழசு என்று வரிசையாக வந்தது. "நீங்க தேய்ச்சது பத்தாது டீச்சர்" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். அதையும் எழுதினேன். பாடநூலில் இதற்குக் கருதுகோள் என்று பெயர். பிள்ளைகள் 'குத்துமதிப்பு' என்றார்கள். எனக்கு அந்தச் சொல்லே பிடித்திருந்தது. குத்துமதிப்பு என்றால் தப்பாகவும் இருக்கலாம் என்ற அடக்கம் அதற்குள்ளேயே இருக்கிறது.

எண்ணெய் இல்லாத தலை வேண்டுமே என்றபோது, முதல் நாள் மொட்டை போட்டு வந்த ஒருவனை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தலையில் தேய்ப்பதற்கு எதுவும் இல்லை. சிரிப்பு அடங்கியபின் தலைமுடியையே விட்டுவிட்டு, பிளாஸ்டிக் ஸ்கேலைத் துணியில் தேய்ப்பது என்று முடிவானது. அடுத்து ஒரு சண்டை. ஒருத்தி கிழித்த துணுக்கு கடுகு மாதிரி, இன்னொருத்தி கிழித்தது அவரை விதை மாதிரி. இருவருக்கும் ஒட்டுகிற எண்ணிக்கை ஒன்றாக எப்படி இருக்கும்? மறுநாள் ஒரு பையன் அண்ணன் வேலைபார்க்கும் அச்சகத்திலிருந்து ஒரு பை நிறையக் கொண்டுவந்தான். காலண்டர் தாளில் ஓட்டை போடும்போது விழுகிற வட்டத் துணுக்குகள். எல்லாம் ஒரே காகிதம், ஒரே அளவு. எந்த ஆய்வகத்தில் இப்படிக் கிடைக்கும்? காலண்டருக்குப் பேர்போன ஊரின் பக்கத்தில் இருப்பதில் இப்படியும் ஒரு சௌகரியம்.

மழைதான் காரணம் என்றவனை, அதை எப்படிக் காட்டுவாய் என்று கேட்டேன். மழையை நிறுத்த முடியாது. ஆனால் ஈரத்தை எடுக்கலாம் என்றான். ஸ்கேல், துணி, துணுக்கு மூன்றையும் ஒரு தட்டில் வைத்துச் சத்துணவுக் கூடத்துக்கு எடுத்துப் போனார்கள். சோறு வடித்து இறக்கியிருந்த அடுப்படி ஓரத்தில், சூடு மட்டும் படும் தூரத்தில், கால் மணி நேரம். "பருப்புல விழுந்துறப்போகுது, அந்தப் பக்கம் வைங்க" என்று சத்துணவு அக்கா அதட்டிக்கொண்டே இடம் கொடுத்தார். அங்கேயே தேய்த்துப் பார்த்தார்கள். வட்டத் துணுக்குகள் புழுங்கலரிசியில் ஈசல் விழுந்ததுபோல ஸ்கேலில் மொய்த்தன. காமராசர் பிறந்த மாவட்டத்தில் மதிய உணவு அடுப்பு இதற்கும் பயன்பட்டது.

காய்ந்த ஸ்கேலை வகுப்புக்குக் கொண்டுவந்து கொஞ்ச நேரம் விட்டார்கள். மறுபடி ஒட்டவில்லை. காய்ந்தது, நனைந்தது, காய்ந்தது என்று மூன்று முறை மாற்றினார்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, ஒன்றை மட்டும் மாற்று என்று எத்தனையோ தடவை நான் சொல்லிப் புரியாதது அடுப்படியில் புரிந்தது. ஈரக் காற்று மின்சாரத்தைக் கடத்திவிடும் என்றே நானும் சொல்லிவந்தேன். கொஞ்சம் படித்துப் பார்த்தபோது, பொருளின் மேல்பரப்பில் கண்ணுக்குத் தெரியாமல் படிகிற ஈரப்படலத்தின் வழியாக மின்னூட்டம் கசிந்துபோவதுதான் முக்கியம் என்று தெரிந்தது.

இப்போது எங்கள் ஊரின் கதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மழை பொய்த்த கரிசல் பூமி. 1920களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். வானம் பார்த்த விவசாயத்துக்கு ஆகாத அந்த வறட்சி தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுக்கும் தோதாக இருந்தது. மருந்து காய வேண்டும், காகிதம் சுருளக் கூடாது. அதே காய்ந்த காற்றில்தான் ஸ்கேலில் காகிதம் ஒட்டுகிறது, மனித உடம்பிலும் மின்னூட்டம் தங்குகிறது. நம் விரல் நுனியில் 'சுருக்'கென்று தெரிகிற பொறிக்கே சுமார் 3,000 வோல்ட் வேண்டும். அதற்குக் கீழே இருப்பது நமக்குத் தெரியாது. சில மருந்துக் கலவைகளுக்கு மிகச் சிறிய பொறியே போதும்.

பயர் ஆபீசில் இதற்கெல்லாம் விதி இருக்கிறது. நைலான், பாலியஸ்டர் உடுத்தக் கூடாது, பருத்திதான். இரும்புக் கருவி ஆகாது, பித்தளை, மரம். அறைக்குள் நுழையுமுன் தரையில் எர்த் கொடுத்த செப்புத் தகட்டைத் தொட வேண்டும். ஒரு அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. இந்த விதிகளை என் பிள்ளைகள் வாய்ப்பாடுபோல ஒப்பிப்பார்கள். ஏன் என்று கேட்டால், "போர்மேன் ஏசுவாரு" என்பார்கள்.

அந்த 'ஏன்' மாசி மாதத்துக்கு மேல் சூடுபிடித்தது. மழை போய்க் காற்று காய்ந்துவிட்டது. பருத்தித் துணி நல்லதா என்று பார்ப்போம் என்றார்கள். ஸ்கேலைப் பருத்தியில் தேய்த்தார்கள், பாலியஸ்டரில் தேய்த்தார்கள். இரண்டிலும் காகிதம் ஒட்டியது! எண்ணிக்கையில் கொஞ்சம் வித்தியாசம், அவ்வளவுதான். "அப்ப விதி சும்மாதானா டீச்சர்?" என்றாள் கலவை ரூம் பிள்ளை.

எனக்கும் உடனே பதில் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். ஆசிரியர் அதைச் சொல்வதற்கு வகுப்பறையில் பழக்கம் வேண்டும்; முதல் தடவை நாக்கு வராது. இரண்டு நாள் கழித்து அவளே வந்தாள். "நாம ஸ்கேலத்தான பாத்தோம். ரூமுக்குள்ள ஸ்கேலா போகுது? அம்மா சேலைல போகுது. துணியிலதான பாக்கணும்?" என்றாள்.

கேள்வியே இடம் மாறியிருந்ததை அவள் கண்டுபிடித்துவிட்டாள். துணியை ஸ்டூல்மேல் விரித்து, ஸ்கேலால் இருபது தடவை தேய்த்து, உடனே தூக்கித் துணுக்குகளுக்கு மேலே பிடித்தார்கள். பாலியஸ்டரில் துணுக்குகள் தொங்கின. பருத்தியில் ஒன்றோ, இல்லையோ. பருத்தி தனக்குள் ஈரத்தை வைத்துக்கொள்வதால் மின்னூட்டம் தங்காமல் வடிந்துவிடுகிறது. பள்ளிச் சீருடைத் துணி இரண்டுக்கும் நடுவில் நின்றது.

இந்த இடத்தில் அவர்களுக்கு ஸ்டீபன் கிரே கதையைச் சொன்னேன். இங்கிலாந்தில் கேன்டர்பரி என்ற ஊரில் சாயத்தொழில் பார்த்தவர். 1729இல், தேய்த்த கண்ணாடிக் குழாயின் மின்னூட்டம் கயிறு வழியாக எவ்வளவு தூரம் போகும் என்று நண்பர் வீலருடன் சோதித்துக்கொண்டிருந்தார். சணல் கயிற்றைப் பட்டு நூலில் தொங்கவிட்டபோது மின்னூட்டம் கடைசிவரை போய்ச் சேர்ந்தது. பட்டு மெல்லியது, அதனால்தான் வழியில் கசியவில்லை என்று நினைத்தார். பாரம் தாங்காமல் பட்டு நூல் அறுந்தது. அதே மாதிரி மெல்லிசான பித்தளைக் கம்பியைக் கட்டினார். மின்னூட்டம் போய்ச் சேரவேயில்லை. காரணம் மெல்லிசு இல்லை, பொருள் என்று அப்போதுதான் தெரிந்தது. கடத்தி, கடத்தாப் பொருள் என்று இன்று ஒரு மதிப்பெண் கேள்வியாக நாம் கேட்பது அறுந்துபோன ஒரு நூலிலிருந்து வந்தது. "நம்ம சாயப்பட்டறை ஆள் மாதிரியா டீச்சர்?" என்று கேட்டான் ஒருவன். ஆமாம், அந்த மாதிரிதான்.

செப்புத் தகட்டுக்கும் ஒரு சோதனை செய்தோம். காய்ந்த கண்ணாடி பாட்டில், ரப்பர் மூடியில் ஸ்ட்ரா துண்டு செருகி அதற்குள் செப்புக் கம்பி, கம்பி நுனியில் சாக்லேட் சுற்றி வரும் அலுமினியத் தாளில் இரண்டு பட்டை. தேய்த்த ஸ்கேலைக் கம்பியில் இழுத்தால் இரண்டு பட்டையும் விலகி நிற்கும். விரலால் தொட்டால் 'பொத்'தென்று சேர்ந்துவிடும். ஒரே ஒரு தடவை செய்ததும், "தகட்டத் தொடுறது இதுக்குத்தானா!" என்று நாலைந்து பேர் சேர்ந்தாற்போல் சொன்னார்கள். நான் வாய் திறக்கவில்லை.

எல்லாச் சோதனையிலும் இப்படி நான் நல்ல பெயர் வாங்கவில்லை. தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவத்தி ஏற்றி, கண்ணாடி டம்ளரால் மூடினால் தீ அணைந்து தண்ணீர் உள்ளே ஏறும். ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு, அது தீர்ந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறுகிறது என்று பதினோரு வருடம் சொல்லிக்கொடுத்தேன். ஒரு பையன் கண்ணை டம்ளருக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்துவிட்டு, "அணைஞ்ச பிறகுதான டீச்சர் விறுவிறுன்னு ஏறுது? எரியிறப்ப ஏறலையே" என்றான். ஆக்சிஜன் தீரத் தீர ஏற வேண்டுமென்றால் எரியும்போதே ஏற வேண்டும். அதே டம்ளரில் இரண்டு மெழுகுவத்தி வைத்தோம். தண்ணீர் இன்னும் உயரே போனது. மூன்று வைத்தோம், அதற்கும் மேலே. டம்ளருக்குள் இருந்த ஆக்சிஜன் அதே அளவுதானே? தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கலந்து மூடியபோது, விளிம்பில் குமிழி வந்தது. சூடேறிய காற்று விரிந்து வெளியே போகிறது. தீ அணைந்தபின் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. அந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறுகிறது. சொல்லப்போனால், ஆக்சிஜன் முழுவதும் தீர்வதற்கு வெகு முன்பே மெழுகுவத்தி அணைந்துவிடும். 21 விழுக்காடு இருந்தது ஏறக்குறைய 16ஆகக் குறைந்தாலே தீ நிற்காது.

பதினோரு வருடப் பிள்ளைகளுக்கு இதை எப்படித் திருப்பிச் சொல்வது? சிலர் இப்போது சாத்தூர் கடைத்தெருவில் எதிர்ப்படுவார்கள். ஒருத்தனிடம் சொல்லியே விட்டேன். "பரவாயில்ல டீச்சர், எனக்கு எதுவுமே ஞாபகமில்ல" என்றான்.

மைக்கேல் பாரடே 1860ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டனில் சிறுவர்களுக்காக மெழுகுவத்தி ஒன்றை மட்டும் வைத்து ஆறு சொற்பொழிவுகள் நடத்தினார். அவர் கொல்லர் வீட்டுப் பிள்ளை, பள்ளிப்படிப்பு அதிகமில்லை, புத்தகம் பைண்டிங் செய்யுமிடத்தில் வேலை கற்றுக்கொண்டே, பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தவர். அச்சக வீட்டுப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த மாதிரிப் பாடம் நடத்துவது நான் கண்டுபிடித்த வழியல்ல. மத்தியப் பிரதேசத்தில் 1972இல் ஹோஷங்காபாத் மாவட்டத்துப் பதினாறு பள்ளிகளில் தொடங்கி, முப்பது ஆண்டுகள் நடந்த அறிவியல் கற்பித்தல் திட்டம் இதற்கெல்லாம் முன்னோடி. கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டு லாரிக் கம்பெனியில் வேலை பார்த்த அரவிந்த் குப்தா, 1978இல் அங்கே போனார். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப் துண்டையும் இணைத்து முக்கோணம், சதுரம், வீடு என்று செய்துகாட்டினார். சதுரத்தை அழுத்தினால் சாய்ந்துவிடும், முக்கோணம் சாயாது. ஓட்டு வீட்டுக் கூரையும் மின்கோபுரமும் ஏன் அப்படி இருக்கின்றன என்று குழந்தை தானே சொல்லிவிடும். ஹோஷங்காபாத்தில் தீக்குச்சியைக் கடையில் வாங்கி மருந்தைச் சுரண்டி எடுத்திருப்பார்கள். எங்களுக்கு அந்தக் கஷ்டமில்லை. மருந்து முக்காத வெறும் குச்சி சாத்தூரில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும்.

தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், 1987 முதல் அது நடத்தும் 'துளிர்' இதழும் என் போன்ற ஆசிரியர்களுக்கு நிறையக் கொடுத்திருக்கின்றன. 2022 நவம்பரில் அரசு 'வானவில் மன்றம்' தொடங்கியது. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்காக, 13,210 அரசுப் பள்ளிகளில், கருத்தாளர்கள் பொருள்களோடு வந்து சோதனை செய்துகாட்டும் திட்டம். நல்ல ஏற்பாடு. எனக்கு ஒரே ஒரு மனக்குறை உண்டு, அது திட்டத்தின்மேல் இல்லை, எங்கள்மேல். சோதனையை மேஜிக் ஷோபோல நடத்தி, கைதட்டு வாங்கியதும் மூட்டை கட்டிவிடுகிறோம். கைதட்டிய பிள்ளை எதையும் ஊகிக்கவில்லை, எதையும் எண்ணவில்லை. நடந்தது பொய்த்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்றும் தெரியாது. அதற்கு நேரம் எங்கே என்று கேட்பார்கள். நியாயம்தான். சீப்புப் பாடத்துக்கு ஒரு பீரியடு என்று போட்டிருந்ததை நாங்கள் கார்த்திகையில் தொடங்கிப் பங்குனியில் முடித்தோம். தலைமையாசிரியர் இரண்டு முறை எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்.

அந்தப் பங்குனியில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்த அம்மாக்களுக்குப் பிள்ளைகள் பாட்டில் சோதனையையும் துணிச் சோதனையையும் செய்துகாட்டினார்கள். கலவை ரூம் பிள்ளையின் அம்மா எதுவும் பேசாமல் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் மகளோடு நின்றார். கையில் மஞ்சள் பை. பையில் மூன்று சேலைகள்.

"வேலைக்குக் கட்டிட்டுப் போறது டீச்சர். மூணும் காட்டன்னுதான் கடையில சொல்லிக் குடுத்தாக. இவ பாத்துச் சொல்றேங்கா."

திண்ணையில் ஸ்டூலைப் போட்டோம். முதல் சேலையில் ஒரு துணுக்கும் ஒட்டவில்லை. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது, மாம்பழக் கலரில் கருப்புக் கரை போட்டது, தூக்கிய கையோடு பதினேழு துணுக்குகளை அள்ளிக்கொண்டு வந்தது. அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு மடித்துத் தனியாக வைத்தார்.

"இது நல்ல நாள் பெரிய நாளுக்கு இருக்கட்டும்."

"இரும்மா," என்றாள் மகள், ஸ்கேலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே. "ஒரு தடவ வச்சுச் சொல்லக் கூடாது. இன்னும் ரெண்டு தடவ செய்யணும். அந்த ரெண்டு சேலையையும் குடு."